இரண்டேகால்

இன்ச் டேப்பை நான் பிடித்த விதம்
அஞ்சலாட்சிக்குப் பிடிக்கவில்லை.
வாங்கி, முட்டிக்குக் கீழே நாலு விரல் தள்ளி
தானே சுற்றினாள்.
வலது பதினாலு.
மிஷின் மிதிக்கிற இடது
பதினாறேகால்.

"ரெண்டேகால் கூட இருக்கு டாக்டர்."
ஜாக்கெட் கைக்கு அளவு சொல்கிற அதே குரல்.
எனக்கு ஏனோ
இருப்பது இரண்டே கால் என்று கேட்டது.

செம்மண்டலத்தில் கரண்ட் இல்லை, வெளியே மழை.
செல்போன் வெளிச்சத்தில் எழுதினேன்:
இரத்த உறைவுச் சிறப்புப் பிரிவு, புதுச்சேரி.
ஆறு நாள் வீக்கம்.
வயிற்றில் முதல் ஊசி போட்டாயிற்று.
மூச்சுத் திணறல் இல்லை.
அந்த 'இல்லை'க்கு முன்னால்
'இதுவரை' என்று நுழைத்தேன்.

"திங்கக்கிழமை போகட்டா?
பதினோரு ஜாக்கெட் வெட்டிக் கிடக்கு, கல்யாண வீடு."
இன்றைக்கே. இப்போதே.
தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள்,
தேய்த்தால் கட்டி கிளம்பிவிடும்.
"எங்க?"
நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.
அதன்பிறகு ஜாக்கெட் பேச்சு இல்லை.

கடிதத்தை மடித்து
முந்தானையில் வைத்து ஊக்கு குத்திக்கொண்டாள்.
இந்நேரம் ஆட்டோ
பெண்ணையாற்றுப் பாலம் ஏறியிருக்கும்.
பள்ளம் பார்த்து ஓட்டப்பா.

மேசையில் என் டேப்,
நான் ஒருநாளும் சுருட்டியிராத
இறுக்கத்தில்.