தழும்பு எந்தப் பக்கம்

மாதேசுவரி கவரிலிருந்து எடுத்து வைத்தவை மூன்று.

கல்யாணப் படத்தில் பதினாலு பேர்.
நடுவில் சென்றாயன், சுண்டுவிரல் நகம் அளவு.
மாலை தாடை வரை ஏறியிருந்தது.
பயிற்சி முடிந்த அன்று எடுத்ததில்
தொப்பியின் நிழல் கண்ணிரண்டையும் விழுங்கிவிட்டது.
மூன்றாவது அவனே எடுத்து அனுப்பியது.
பின்னால் பனி. முன்னால் பல்.
புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.

“யூனிபார்ம் வேண்டாங்க” என்றாள்.
“அதுல யாருக்கோ பதில் சொல்ற மாதிரியே நிப்பாரு.”
வேறொரு கவரில் சட்டை கொண்டுவந்திருந்தாள்.
நீலக் கட்டம். இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம்.
“பனியும் வேண்டாம்.”
பின்னால் என்னதான் போடுவது?
“ஒண்ணும் போடாதீங்க.”

பார்சல் ஆபீஸுக்குக் கிளம்பும் முன்
விடிகாலை நாலரைக்கு உட்காருவேன்.
சூரமங்கலத்துச் சித்திரையில்
ஏழு மணிக்கு மேல் தண்ணீர் சொன்ன பேச்சு கேட்காது.
கன்னத்தின் ஓரத்தை இளக்குவதற்குள்
காய்ந்து கோடாகிவிடும்.
ஜங்ஷனில் கோவை வண்டிக்கு அறிவிப்பு வந்தபோது
மூக்கு முடிந்திருந்தது.
தாடையை மாலையிடமிருந்து மீட்டிருந்தேன்.
கல்யாணத்துக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தால்
சாம்பல் சதுரங்கள்தான், இருந்தும் ஒப்பேற்றினேன்.
தழும்பில் நின்றுவிட்டது.

சில போன் முகத்தை இடம் வலம் மாற்றிப் போடும்.
சில போடாது.
மார்பில் பெயர் தெரிந்தால் போதும்,
எழுத்து திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.
கழுத்து வரை குளிர்கோட்டு.
ஓர் எழுத்து இல்லை.
கல்யாணத்துக்குப் பிறகு விழுந்த தழும்பு வேறு,
ஏற்காட்டுப் பதினோராவது வளைவில்
பைக் சறுக்கி.

அவரையே கேட்கலாமே என்றேன்.
“டவர் இல்லாத இடங்க. பத்தொன்பது நாளாச்சு.”
வலது புருவமா, இடதா?
“வலது” என்றாள். “இல்ல. இருங்க.”

பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டாள்.
எழுந்து, எதிரே ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து நின்றாள்.
வலக்கை மேலே போயிற்று,
அவள் தலைக்கும் ஒரு சாண் மேலே.
கட்டைவிரல் காற்றில் ஓரிடத்தைத் தடவியது,
உள்ளிருந்து வெளியே,
ஒருமுறை.
“இங்க.”

அவளுக்கு வலம். அவனுக்கு இடம்.
உயரமும் கிடைத்தது.
அவள் கை எட்டுவதற்காகக் கழுத்து எவ்வளவு குனியும் என்பதும்.
நான் போட்டிருந்த முகமோ
விறைப்பாக, ஏதோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.
கிழித்துவிட்டு வேறு தாள் ஒட்டினேன்.

தழும்புக்கென்று வண்ணம் கிடையாது.
புருவத்தை இரண்டு துண்டாகப் போட்டு
நடுவில் தாளை விட்டுவிட வேண்டும்.
வெள்ளை பூசமாட்டோம் என்று சொன்னதற்கு
“எங்க கருப்பூர் வெள்ளைக்கல்லும் அப்படித்தாங்க,
மண்ணை ஒதுக்கினா அதுபாட்டுக்கு இருக்கும்” என்றாள்.
அவள் அப்பா அங்கே லாரிக்கு லோடு ஏற்றுகிறவர்.

வாங்கிப் போக வந்த அன்று வெகுநேரம் பார்த்தாள்.
“காது இன்னும் கொஞ்சம் பெருசு.”
பெரிதாக்கவா?
“வேண்டாம். வந்து பார்த்தா சிரிப்பாரு.”
பிறகு கேட்டாள்:
“அழுக்கானா ஈரத்துணியால துடைக்கலாங்களா?”
கூடாது என்றேன்.
எத்தனை வருஷமானாலும் தண்ணீர் பட்டால் கரையும்.

பால் பாட்டில் கழுவிய கை.
முந்தானையில் துடைத்தாள், இரண்டு பக்கமும்,
விரலிடுக்கிலும்.
அப்புறம்தான் வாங்கினாள்.