பன்னிரண்டு

பேர்ண் நகரில் அந்த மருத்துவமனைக்குத்
தீவு என்று பெயர்.
சுற்றிலும் தண்ணீர் இல்லை, பஸ்தான் சுற்றிப்போகும்.
நான் அங்கே மணிக்கணக்கில் கூலி வாங்கும்
மொழிபெயர்ப்பாளர்.

ஐப்பசி, இரண்டாயிரத்து ஒன்று.
கனகசூரியர் தவநாதன், வயது ஐம்பத்து மூன்று,
ரயில் நிலைய உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர்.
தையில் நெஞ்சுக்குள் வைத்த ஸ்டென்ட்
ஆடிக்குள் மறுபடி ஒடுங்கிவிட்டது.

"சுண்ணாம்பு படிஞ்சிட்டுதோ?" என்றார்.
"இந்த ஊர்த் தண்ணி அப்படி.
மெஷினுக்கு வெள்ளிக்கு வெள்ளி வினாகிரி ஊத்துவன்."

டாக்டர் எபிஷர் பொறுமையாக மறுத்தார்.
சுண்ணாம்பு இல்லை. கொழுப்பும் இல்லை.
கம்பிவலை குத்திய இடத்தில்
உங்கள் சதையே வளர்ந்து வழியை மூடுகிறது.
காயம் ஆறுகிறது,
நிறுத்தத் தெரியாமல் ஆறுகிறது.

தமிழில் சொல்லி முடித்ததும்
சரியாகத்தான் சொன்னேனா என்று
ஜெர்மன் தாளை மறுபடி பார்த்தேன்.
அவர் சிரித்தார்:
"நான் ஒண்டையும் ஆறவிடாத ஆள் எண்டுதான்
மனிசி சனத்துக்குச் சொல்லித் திரியிறா."

கதிர்வீச்சு என்றேன்.
பேனாவை மூடிவிட்டார்.
புற்றுநோய்க்காரருக்கல்லோ அது?
இல்லை, ஆறுவதைக் கொஞ்சம் அடக்கி வைக்க.
வைத்துவிட்டு வருவதில்லை, போய்த் திரும்பும்.
பிறகு நீண்ட காலம் ஒரு குளிசை,
ஒருநாளும் தவறவிடக்கூடாது.
ஆறாத இடத்தில் இரத்தம் உறையப் பார்க்கும்.
கடைசி வரியை மட்டும்
என் குரல் தானாகத் தாழ்த்திச் சொன்னது.
கையெழுத்து வைத்தார், முழுப்பெயரும்.

ஈய அங்கி என் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.
சுவரோரம் நிற்கச் சொன்னார்கள்.
லூட்டி என்ற பௌதிகர், பையன் முகம்,
கேத்தல் அளவு பெட்டியோடு வந்தார்.
உள்ளே பன்னிரண்டு விதைகள்,
சீரகத்தில் பாதி.
தண்ணீர் அழுத்தித் தள்ள
தொடையிலிருந்து இதயம்வரை வரிசையாய்ப் போயின.
விதை, கதிர் என்று இரண்டும் வயற்சொல்.
முளைப்பதைத் தடுக்கப் போகிற விதைக்கு
வேறு சொல் என்னிடம் இல்லை.

மூன்று நிமிடம் ஐம்பது வினாடி.
"நோகுது" என்றார். சொன்னேன்.
இன்னும் இரண்டு நிமிடம் என்றார்கள். சொன்னேன்.
திரையில் ஒரு கறுப்புக் கோடு
ஒவ்வொரு துடிப்புக்கும் துள்ளிக்கொண்டிருந்தது.
அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பெட்டிக்குள் திரும்பியவற்றை
லூட்டி கண்ணாடிவழி குனிந்து எண்ணினார்.
பிறகு கருவியை அவர் நெஞ்சின்மேல் பிடித்தார்,
அது வாய் திறக்கவில்லை.
பன்னிரண்டும் வந்துவிட்டன, சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன்.
தவநாதன் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.
"போனது எல்லாம் திரும்பி வந்த கணக்கு,
தங்கச்சி,
இண்டைக்குத்தான் கேக்கிறன்."

என்ன சொல்கிறார் என்று லூட்டி கேட்டார்.
நன்றி என்கிறார் என்றேன்.