இரண்டு நிழல்

மல்லாவிச் சந்தியில் என் கடை, சபேஸ் ஆர்ட்ஸ்.
சவர்க்காரம், தேயிலை, தையல் மெஷின், புடவைக்கடை,
எல்லாப் பலகையிலும் ஒரு பெண், எல்லாருக்கும் ஒரே சிரிப்பு:
மேல்வரிசையில் எட்டுப் பல், இடப்பக்கம் வெளிச்சம்.
முதலாளிமார் பல்லை எண்ணிக் காசு தருவதில்லை.

பிறகு பெயின்ற் வரத்து நின்றது.
பெடியள் இரண்டுபேர் சைக்கிளில் வந்தார்கள்.
"அண்ணைக்குக் கை வடிவாய் ஓடுமாமே."
நான் மறுக்கவில்லை.
மறுத்திருப்பேனா என்று இப்போதும் தெரியாது.

முதலில் வரைபடங்கள். படுக்கை விரிப்பில் காடு.
குளங்களுக்கு வேட்டிக்குப் போடும் நீலம்,
காவலரணுக்கு இடித்த செங்கல்,
பாதைக்குச் செத்த பற்றரியின் கரிக்கட்டை.
நான் நடந்தறியாத ஒற்றையடிப் பாதைகள்
என் கையில் தெளிவாய் இருந்தன.

பிறகு பலகையில் ஒரு டாங்கி. தென்னங்குற்றிதான் குழல்.
தொழிற்பழக்கம், நிலத்தில் சாம்பலால் நிழலும் போட்டேன்,
கிழக்கே சாய்ந்த பின்னேர நிழல்.
கிபிர் காலையில் வந்தது.
ஒரு டாங்கிக்கு இரண்டு நிழல்.
வட்டமடித்துப் பார்த்தது, போனது,
வேறெங்கோ போட்ட சத்தம் மட்டும் வந்தது.
"சூரியனையும் ஒருக்கால் கேட்டிருக்கலாம், ஆர்ட்டிஸ்ட்"
என்றான் பொறுப்பாளன். வேறொன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது வேலைக்குக் கணக்கில்லை.
நகமளவு அடையாள அட்டைப் படம் தருவார்கள்,
விடிய முன்னம் ஆளுயரத்தில் வேணும்.
ஓரிரவு ஐந்து முகம்.
லாம்பு மங்க, களைத்த கை தன்பாட்டில்
சவர்க்காரச் சிரிப்பை வைத்துக்கொண்டு போனது.

காலையில் துணுக்காயிலிருந்து ஒரு தாய், பெயர் தவமலர்.
கனநேரம் நின்றாள்.
"படம் நல்ல வடிவு, தம்பி.
என்ர பிள்ளைக்கு முன்பல் பாதிதான்.
கிணத்துக்கட்டில விழுந்தவன்."
கரியைத் தொட்டேன். காய்ந்த வெள்ளையில்
ஒரு மூலையை உடைத்தேன்.
அதன்பிறகுதான் அழுதாள்.

மற்ற நாலு தாய்மாரும்
ஒன்றும் சொல்லாமல் பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

மாத்தளன் மணலில் தூரிகைகள் போயின.
செட்டிகுளத்தில் ஆரோ ஒரு தூரிகை தர,
கூடாரங்களுக்கு இலக்கம் எழுதினேன்.
பிறகு கண்ணிவெடிப் பலகைகள்,
ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபாய், மூன்று மொழி, ஒரு மண்டையோடு.
அதற்கு எத்தனை பல்லென்று ஒருவரும் சொல்லவில்லை.
எட்டு வைத்தேன்.

மேற்பார்வைக்கு வந்த வெள்ளைக்காரன்
தலையைச் சாய்த்துப் பார்த்தான்.
சிரிக்கிற மாதிரி இருக்காம், சனம் பயப்படாதாம்.
முன்பல் ஒன்றைப் பாதியாக்கினேன்.
இப்ப சரி என்றான்.