மூன்று கிளை

ஐஃபல் மேட்டில் பார்லி
பாதி நிற்கிறது, பாதி கிடக்கிறது.
நடுவே அறுவடை இயந்திரம்
இடப்பக்கம் மண்டியிட்டு.

இரவு பதினொன்று இருபது.
இரண்டு மணிக்கு மழை என்கிறது ஹில்ட்ரூடின் போன்.
"ஒன்றரைக்குள் முடியுமா?"
டயரைக் கேளுங்கள் என்றேன்.

ஜாக்கிக்கு அடியில் இரண்டு பலகை;
உழுத மண்ணை நம்பக் கூடாது.
ரிம்மை விடமாட்டேன் என்றது ரப்பர்.
கடப்பாரை, சோப்புப் பசை, கெட்ட வார்த்தை.
கடைசியது தமிழில். அதற்குத்தான் அசைந்தது.

உள்ளே கைவிட்டுத் துழாவினேன்.
ஆணி இல்லை. கம்பி இல்லை.
மான்கொம்பு.
மார்ச்சில் எவனோ தலையை உதறிவிட்டு
கனம் குறைந்து நடந்திருக்கிறான்.

புது டயர். மறுபடி பசை. காற்று.
டங்.
ஒரு பக்கம்தான். விரல்களைத் தள்ளி வைத்துக் காத்திருந்தேன்,
கம்ப்ரசர் இருமிக்கொண்டே இருந்தது,
டங்.
உட்கார்ந்துவிட்டது.

ஒன்று நாற்பது.
ஹில்ட்ரூட் நன்றி சொல்லவில்லை, ஏறிவிட்டாள்.
விளக்கு வயலைச் சுற்றித் திரும்பியபோது
ஓரத்தில் நின்றான் அவன்.
தலையில் புதுசு, தோல் இன்னும் உரியவில்லை.
என்னைப் பார்த்தான், டயரைப் பார்க்கவில்லை.

பில்லில் காரணம் என்ற கட்டத்தில்
'வனவிலங்கு' என்று எழுதினேன்.
முதல் துளி
சரியாகத் தொகையின்மேல் விழுந்தது.