பாதித் தூலம் அவர் பக்கம்

பட்டறை நீளம் ஐந்து மீட்டர்.
தூலம் நாலே கால்.
நடுவில் அசையாமல் நிற்கிறது இழைப்பு இயந்திரம்.
மரம்தான் அதற்குள் நுழைந்து
மறுபக்கம் வர வேண்டும்.
இந்தக் கணக்கை நான் போட்டது
வாடகைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகு.

எனவே கிழக்கு ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றினேன்.
அந்தப் பக்கம் யெல்மரின் முற்றம்.
முற்றம் நிறைய புறாக்கூண்டு.
முப்பத்தொரு பந்தயப் புறாக்கள்.

ஹார்லிங்கனுக்கு வெளியே மதகுக்கு
இரும்புக் கதவு போட்ட வாரம்
பழைய கதவின் தூலங்களை எடைக்கு விற்றார்கள்.
ஆறு வாங்கினேன்.
காமரூனில் வளர்ந்த அசோபே;
தண்ணீரில் போட்டால் கல் மாதிரி இறங்கும்.
நாற்பது வருடம் ஒரு கன்னத்தில் கடல்,
மறு கன்னத்தில் கால்வாய்.
மேலே பாசியும் சிப்பியும் அப்பிய கறுப்பு.
ஒரு நூல் சீவினால்
உள்ளே காய்ந்த மாட்டிறைச்சியின் சிவப்பு,
துளை துளையாய் வெள்ளைப் பொடி.
இதன் சிலாம்பு ஏறினால் சீழ் வைக்காமல் விடாது.
என் இடது பெருவிரலைக் கேளுங்கள்.

இதைத் தூக்க முடியாது. தூக்க நினைக்கவும் கூடாது.
மூன்று இரும்புக் குழாய், ஒரு கடப்பாரை.
பின்னால் உருண்டு விடுபட்ட குழாயை
எடுத்துவந்து முன்னால் போடு.
பாரம் இறங்குகிற இடத்தில் விரல் இருக்க வேண்டாம்.
வேறு வித்தை எதுவும் இல்லை.

யெல்மர் வந்தது சண்டைக்கு.
"சனிக்கிழமை பிரான்ஸிலிருந்து அறுநூறு கிலோமீட்டர்
பறந்து வருகிறது. வந்து என்ன செய்கிறது?
உன் இயந்திரத்துக்குப் பயந்து கூரைக்கு மேலேயே சுற்றுகிறது.
வாசல் பலகையை மிதித்தால்தான் நேரம் பதியும்.
நாலு நிமிடம், வீட்ஸ்கே.
நாலு நிமிடத்தில் பதினேழு பேர் என்னை முந்திவிட்டார்கள்."

சனிக்கிழமை ஓட்டுவதில்லை என்றேன்.
பதிலுக்குக் கேட்டேன்,
மற்ற நாட்களில் மறுமுனையைப் பிடிப்பீர்களா என்று.

பிடித்தார். தீவன வாசனை அடிக்கும் கையுறையோடு.
இடையில் இயந்திரம் அலறுவதால்
நான் சொல்வது அவருக்குக் கேட்காது, முகமும் தெரியாது.
அவர் அழுத்தினால் என் முனை இலேசாகும்: நிறுத்து.
விட்டால் கனக்கும்: தள்ளு.
கடைசி ஒரு சாணுக்கு அவர் சற்றே ஏந்த வேண்டும்,
ஏந்தாவிட்டால் கத்தி அங்கே பள்ளம் தோண்டும்.
முதல் தூலத்தில் தோண்டியது.
இரண்டாவதில் இல்லை.

காந்தக் கோலால் தடவித் தடவி
நூற்றிரண்டு ஆணி பிடுங்கியிருந்தேன்.
பித்தளைத் திருகாணியைக் காந்தம் கண்டுகொள்ளவில்லை.
'டக்' என்றது.
சிவப்புக்குள் மஞ்சளாய் ஒரு கண் திறந்து பார்த்தது.
அதன் பிறகு சீவிய பரப்பெல்லாம்
முனைக்கு முனை ஒரு மேடு, தையல் நூல் கனத்தில்.
யெல்மர் கையுறையைக் கழற்றி
அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.
"அழகாகத்தானே இருக்கிறது?"
லேவார்டன் உணவகத்துக்காரருக்கு
ஆணித் துளை வேண்டும், மேடு வேண்டாம்.
பழசு எப்படித் தெரிய வேண்டும் என்பதில்
அவருக்குத் தெளிவு உண்டு.

இரண்டு கத்திகளில் ஒன்றை
மயிரளவு பக்கவாட்டில் தள்ளி முடுக்கினேன்.
பல் போன இடத்தை மற்றது மழிக்கும்.

வெள்ளி மாலை மின்சாரம் நின்றது.
தூலம் பாதி உள்ளே, பாதி அவர் முற்றத்தில்.
தார்ப்பாய் போர்த்திவிட்டு அப்படியே விட்டோம்.

சனிக்கிழமை, மூன்று இருபது.
கூரைக்கு மேலே சாம்பல் நிறம் ஒன்று
ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. நேராக இறங்கியது,
தூலத்தின் முனையில்.
வாசல் பலகை அங்கிருந்து மூன்றடி.

யெல்மர் தீவன டப்பாவைக் குலுக்குகிறார்,
கெஞ்சுகிறார், கெட்ட வார்த்தையை மெதுவாகச் சொல்கிறார்.
அது கழுத்தைச் சாய்த்து
புதிதாய்ச் சீவிய மரத்தைக் கொத்திப் பார்க்கிறது.

உள்ளே நான், துடைப்பத்தைக் கீழே வைக்கப் பயந்து,
ஒரு கை என் முனையின் மேல்.
நூற்றெழுபது கிலோவில்
நானூறு கிராம் ஏறியது தெரியுமா?
தெரியவில்லை.
கையை எடுக்கவும் இல்லை.