ஓரத்துக் கண்ணி

நாற்பது சங்கிலி போட்டுத் தொடங்கினேன்.
டானிங்டன் ஏற்றத்துக் கடையில்
தூசி தட்டிக் கொடுத்த பருத்தி நூல்,
மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று.
கண்டைச் சுற்றிய காகிதப் பட்டையில்
சிப்பி சிப்பியாய் ஓரம் வைத்த
ஒரு சதுரத் துணியின் படம்.
பாத்திரம் துடைக்கவாம்.

"கரித்துணிக்குக் கரை கட்டுறியா?"
என்றார் தேவசகாயம்,
ஜீப் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே.
எங்கள் வீட்டுக் கரித்துணி
அவருடைய பழைய பனியன்.
கொதிக்கும் குண்டானை அதால்தான் இறக்குகிறேன்;
கக்கத்துக் கிழிசல் வழியே
விரலைச் சுடும்.

ஐப்பசி. ஆறு மணிக்கே
ஜன்னலுக்கு வெளியே கோத்தகிரி இல்லை;
எதிர்வீட்டு பல்பு மட்டும்
பாலில் உடைத்த மஞ்சள் கரு மாதிரி.
பகலெல்லாம் கிலோ எழுதிய கை
இரவில் கண்ணி எண்ணுகிறது.
உள்ளே விட்டு, நூலை வளைத்து, இழுத்து,
மறுபடி வளைத்து, இரண்டுக்குள்ளும் இழுத்தால்
ஒன்று.
பதினேழா பதினெட்டா என்னும்போது
குக்கர் கத்தும்.
முதலிலிருந்து எண்ணுவேன்.

இருபதாவது வரிசையில் விரித்துப் பார்த்தால்
சதுரம் இல்லை.
கீழே அகலம், மேலே ஒடுக்கம்,
கவிழ்த்துவைத்த கொழுந்துக் கூடை.
எண்ணினேன். முப்பத்தொன்று.
திரும்ப எண்ணினேன். முப்பத்தொன்று.
ஒன்பது கண்ணிகள்
சத்தமே இல்லாமல் போயிருந்தன.
அசட்டுத்தனமாய் மடியை உதறிக்கூடப் பார்த்தேன்.

பதினோரு வருஷத்தில்
ரிஜிஸ்டரில் என் கூட்டல் தப்பியதில்லை.
பத்தி ஒவ்வொன்றும்
நூல் பிடித்தாற்போல் இறங்கும்.

விளக்கைப் பக்கத்தில் இழுத்து
ஓரத்தை நகத்தால் நெம்பியபோதுதான் தெரிந்தது.
வரிசையின் கடைசிக் கண்ணி
மற்றவை மாதிரி நிமிர்ந்து நிற்பதில்லை.
பக்கவாட்டில் சாய்ந்து
ஏதோ முடிச்சுபோலக் கிடக்கும்.
அதைக் குத்தாமல் திரும்பிவிட்டால்
அடுத்த வரிசைக்கு அது இல்லை.
அவ்வளவுதான். யாரும் எதையும் திருடவில்லை.

உருவினேன்.
உருவிய நூல் நேராகவில்லை;
இருந்த இடத்தையெல்லாம் நெளிவாக வைத்துக்கொண்டு
மடியில் குவிந்தது.

காலையில் எடைக்கூடம்.
நாலு நாளாய் மழை இல்லை.
இலையை அள்ளினால் சரசரக்கிறது.
ஆனாலும் மூட்டைக்கு மூன்று கிலோ
ஈரத்துக்குக் கழிவு.
ஜூன் மாதம் மானேஜர் சொன்னது;
அதன்பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
கழித்த இலை எங்கேயும் போகாது.
மற்றதோடு சேர்ந்தே வாடும், உருளும்,
தூளாகி மூட்டையேறும்.

பூமயில் தன் சாக்கைக் கொக்கியில் மாட்டினாள்.
முள் ஆடி ஆடி நின்றது:
இருபத்துமூன்று.
"இருபது, அக்கா" என்றாள்,
நான் பேனா எடுக்குமுன்பே,
இடுப்புப் படங்கை அவிழ்த்து மடித்துக்கொண்டு.

அவளே கழித்துவிட்டிருந்தாள்.
எனக்கு எழுதும் வேலை மட்டும் மிச்சம்.
அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
கொக்கியைப் பார்த்தேன்.

இருபத்துமூன்று என்று எழுதினேன்.
அடுத்தவளுக்குப் பத்தொன்பதரை, முழுசாக.
அதற்கடுத்த சாக்கு நிஜமாகவே ஈரம்,
ஊற்றுப்பக்கத்துச் சரிவில் பறித்தது;
ஒன்று கழித்தேன்.
பத்தி முழுக்க
முந்தின நாளோடு ஒட்டாத எண்கள்.

நாளைக்குக் கேட்பார்.
வெயில் அடித்தது என்பேன்.
வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.
தைரியம் என்று இதற்குப் பேர் வைக்காதீர்கள்;
மதியத்திலிருந்து வயிறு கலங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது
அதே நெளிந்த நூலில் மறுபடி.
ஓரம் வந்ததும் நின்று,
சாய்ந்து கிடப்பதைக் கட்டைவிரலால் நிமிர்த்தி,
குத்தி, இழுத்து,
நாற்பது.
திரும்பி,
நாற்பது.

அடுப்பில் குண்டான் பொங்குகிறது.
"கரித்துணி எங்கே?" என்கிறார் தேவசகாயம்.
பனியனையே எடுத்துக்குங்க.
இது இன்னும்
பதினாறாவது வரிசையில் இருக்கிறது.