ஒன்றே முக்கால்

பொருள்: குடிகாட்டில் இரவில் வரும் வாடை, மூன்றாவது புகார்.
“ஐயா, இன்று அதிகாலை இரண்டு மணிக்கு
மறுபடியும் அதே நாற்றம். அழுகிய முட்டையும்”

அங்கேயே நின்றுவிட்டது.
‘உம்’முக்கு அடுத்து என்னவென்று எனக்குத் தெரியும்.
விரல் தட்டிக்கொண்டுதான் இருந்தது,
திரைக்குத்தான் எட்டவில்லை.

டச்பேடைத் தேய்த்தேன்.
அம்பு ‘ஐயா’வின் தலைமேல் உட்கார்ந்து
இறங்கமாட்டேன் என்றது.
கேப்ஸ்லாக் விளக்கு எரியவில்லை.
சார்ஜரைப் பிடுங்கினேன், சொருகினேன்.
கவிழ்த்துத் தட்டினேன். விழுந்தது
எந்த நாளுடையதோ ஒரு சோற்றுப் பருக்கை,
கொஞ்சம் மணல்.

மணி ஐந்தே கால்.
ஆறரைக்கு நைட் ஷிப்ட் முடிந்து தனசேகர் வருவார்,
எந்தப் புகைபோக்கியைப் பற்றி எழுதுகிறேனோ
அதன் அடியிலிருந்து.
இந்த லேப்டாப்பே அங்கே வந்த போனஸில் வாங்கியதுதான்.

மூட முடியாது.
சேமிக்க முடியாது.
சின்னதாக்கி ஓரத்தில் ஒளிக்கவும் வழியில்லை.
மடக்கி வைத்தால், வந்ததும் விரித்து
மேட்ச் ஸ்கோர் பார்ப்பார்.
பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் எல்லாம் அணையும்,
கடிதமும் சேர்ந்து.

தெருமுனையில் பைக் சத்தம் கேட்கும்வரை
நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
பிறகு பட்டனை.

“என்னாச்சு?”
“கீபோர்டு செத்துப்போச்சு.”
அவரும் உட்கார்ந்து தட்டிப் பார்த்தார்.
பாஸ்வேர்டு கேட்ட கட்டத்தில்
ஒரு புள்ளிகூட விழவில்லை.
அவர் சட்டையிலிருந்து அதே வாடை.
நாங்கள் கீபோர்டைப் பற்றியே பேசினோம்.

முதுநகரில், மீன் மார்க்கெட்டுக்குப் போகும் சந்தில்
மாடிப்படிக்கு அடியில் ஜக்கரியாவின் கடை.
வெளிக் கீபோர்டு ஒன்றும் மவுசும் சொருகி
என் பக்கம் நகர்த்தினான்.
“பாஸ்வேர்டு போடுங்கக்கா.” முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
போட்டேன்.
போயே போய்விட்டது என்று நினைத்தது
‘மீட்டெடுக்கப்பட்ட கோப்பு’ என்று பல்லிளித்து வந்தது,
ஐயாவோடு, முட்டையோடு.
நான் சேமித்து மூடுவதற்குள் அவன்
ஸ்குரூடிரைவர் தேடப் போயிருந்தான்.
அல்லது போனதுபோல.

பதினோரு திருகாணிகள், ஒரு டப்பா மூடியில்.
உள்ளே நாக்கு மாதிரி இரண்டு ரிப்பன்.
செம்புப் பல்லெல்லாம் கறுத்துக் கிடந்தது.
“கடல் காத்தா தம்பி?”
“அதுக்குப் பச்சையால்ல பூக்கும்.”
“ரெண்டும் ஒண்ணாவா போகும்?”
“ஒரே ஓட்டை வழியாத்தானே மூச்சு விடுது.”

பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தான், அவ்வளவுதான் வைத்தியம்.
ரப்பர் கறுத்தது.
ஊதினான். சொருகினான். திருகாமலேயே ஆன் பண்ணினான்.

சரியாயிற்றா என்று பார்க்க
எதையாவது திறக்கவேண்டும் அல்லவா,
அவன் திறந்தது அதைத்தான்.
டச்பேடில் விரல் வைத்தான். அம்பு இறங்கி வந்து
‘இரண்டு’ என்ற சொல்லைத் தொட்டு நீலமாக்கியது.
ஒவ்வொரு பட்டனாகச் சோதிப்பவன்போல
நிதானமாக அடித்தான்:
ஒன்றே முக்கால்.

“நமக்குப் பச்சையாங்குப்பம்கா.
பாப்பாவத் தூக்கிட்டு ஜன்னல் சாத்தும்போது
மணி பார்த்தேன்.”

முந்நூறு ரூபாய். பில் வேண்டாமென்றேன்.
‘உம்’முக்கு அடுத்து இன்னும் காலியாகவே இருந்தது.
லேப்டாப்பை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு
திருகாணிகளை எண்ண ஆரம்பித்தான்.